பழைய எழுத்துருவும் பாழாய்ப்போன வேலையும்

இம்மாதக் கடிதங்களில் ஒன்று கூகுள் பற்றியது. மற்றவை அமேசான் டிரான்ஸ்லேட்டின் தொகுதி மொழிபெயர்ப்பைப் பற்றியவை. அதாவது, கோப்புகளை அமேசானின் இணையச் சேமிப்பிடத்தில் (அதுதான் ‘பக்கெட்’) போட்டு, இயந்திர மொழிபெயர்ப்புக்கு மொத்தமாகக் கொடுப்பது. அப்படி ஒரு தடவை கொடுப்பது ஒரு ‘வேலை’.

கே: பக்கெட் மும்பையில் இருக்கிறது. வேலையை அயர்லாந்துப் பிராந்தியத்தில் தொடங்கினால் பிழை வருகிறதே?

ப: வராமல் என்ன செய்யும்? பிராந்தியம் என்பது அமேசானின் கணினிகள் இருக்கும் இடம். பக்கெட்டும் வேலையும் ஒரே பிராந்தியத்தில் இருக்க வேண்டும்.

கே: வேர்டு, எக்செல், எச்டிஎம்எல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போடலாமா?

ப: கூடாது. ஒரு வேலைக்கு ஒரு கோப்பு வகைதான். உள்ஃபோல்டர்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும் என்பதால், பழைய பிரதிகளை அங்கே ஒளித்து வைக்காதீர்கள். கோப்புக்கு 20 எம்பி, வேலைக்கு 5 ஜிபி என்பது வரம்பு. எதற்கும் முதலில் ஒரு சின்னக் கோப்பை ஓட்டிப் பாருங்கள்.

கே: பழைய தமிழ் வேர்டு கோப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றக் கொடுத்தேன். வேலை வெற்றிகரமாக முடிந்ததாம், வந்ததெல்லாம் குப்பை. சேவையில் கோளாறா?

ப: எந்த எழுத்துருவில் அடித்த கோப்பு என்று நீங்கள் எழுதவில்லை, இதைக் கேட்கும் யாருமே எழுதுவதில்லை. இணைத்திருந்த மாதிரிப் பக்கத்தைத் திறந்தேன்: பாமினி என்ற பழைய எழுத்துரு. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. இயந்திரம் எழுத்துருவைப் பார்ப்பதில்லை. ‘யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தேனே’ என்பீர்கள். அது கோப்பில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை மட்டுமே. ஆங்கில எழுத்துகளும் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8தானே! அதனால்தான் பிழைச்செய்தி வரவில்லை. கட்டணமோ எழுத்துக் கணக்கு. குப்பைக்கும் அதே விலை.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்னும் அலுவலகங்களில் பாமினியில் தட்டுகிறார்கள். கேட்டால் ‘பழகிவிட்டது’ என்கிறார்கள். ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் பக்கெட் பக்கமே போகாதீர்கள். மாற்றியபின் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் பாருங்கள். மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழ் என்று நினைத்துச் சிதைத்திருக்கும். பிறகு, மறுபடியும் சொல்கிறேன், சின்னக் கோப்பை முதலில் ஓட்டுங்கள்.

கே: கூகுளின் தொகுதி மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த டிஎஸ்வி கோப்பில் (டேப் இட்டுப் பிரித்த அட்டவணை) குறிப்பு நெடுவரிசை மட்டும் மொழிபெயர்ந்து, மூல வாசகம் அப்படியே இருக்கிறது.

ப: வாசகத்தை முதல் நெடுவரிசையில் வைத்திருக்கிறீர்கள். முதல் நெடுவரிசை அடையாள எண்ணுக்கு, மொழிபெயர்வது இரண்டாவது. திருத்தி மறுபடி ஓட்டும்போது, முடிவு வந்து விழும் வெளியீட்டு ஃபோல்டர் காலியாக இருக்கட்டும்.

கே: எச்டிஎம்எல் பக்கங்களில் பொருட்பெயர்களை மட்டும் தொடாமல் விடச் செய்ய முடியுமா?

ப: அந்தச் சொல்லை ஒரு ஸ்பான் குறிக்குள் போட்டு, டிரான்ஸ்லேட் பண்புக்கு ‘நோ’ கொடுங்கள். கோப்பு வகையை வெறும் உரை என்று குறித்துவிட்டு இதை எதிர்பார்க்காதீர்கள்.

கே: சுமார் 200 கோப்புகளில் 3 மட்டும் திரும்பி வரவில்லை. ஏன்?

ப: வெளியீட்டு ஃபோல்டருக்குள் ‘டீடெய்ல்ஸ்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள ஜேசான் கோப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.