தென்னந்தோப்புக்கு மினி டிராக்டர் வாங்குவதா, பாப்கேட் வாங்குவதா?

எட்டு ஏக்கர் தென்னந்தோப்பும் ஒரு கறிக்கோழி ஷெட்டும் இருப்பதாகவும், எல்லா வேலைக்கும் ஒரே இயந்திரமாக ஸ்கிட் ஸ்டியர் லோடர் (முன்னால் பக்கெட் வைத்து அள்ளும், நின்ற இடத்திலேயே திரும்பும் சிறிய வண்டி) வாங்குவதா, 24 குதிரைத் திறன் மினி டிராக்டர் வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மினி டிராக்டரை வாங்குங்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் பக்கத்தில் பாப்கேட் என்றே அழைக்கப்படும் அந்த ஸ்கிட் ஸ்டியரைத் தேவைப்படும்போது வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னதும் மினி டிராக்டர் வெறும் பொம்மை வண்டி என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். என் மைத்துனர் அதை ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் நாலு பேர் முன்னால் சொல்லி வருகிறவர் என்பதால்தான், இந்தக் கேள்வியை என்னால் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் பாப்கேட்டுக்கு எதிரி அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடுமலைப் பக்கம் எங்களுக்கும் உங்களைப் போலவே தோப்பும் ஷெட்டும் உண்டு. ஒரு பேட்ச் கோழியை விற்பனைக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, தரையில் பரப்பிய நார்க்கழிவு எச்சத்தோடு சேர்ந்து இறுகி, தண்ணீர் நிப்பிள்களுக்கு அடியில் பலகை போல் கெட்டிப்பட்டிருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் துண்டு துண்டாகத் தெறிக்கும் அந்த அடுக்கை, பாப்கேட்டின் பக்கெட் விளிம்பு சிமெண்ட் தரையை ஒட்டியே நுழைந்து முழுத் தகடாக உரித்தெடுக்கிறது. தூணுக்கும் வலைச் சுவருக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே திரும்பி வெளியே வருவதற்கு மினி டிராக்டரால் முடியவே முடியாது. பாப்கேட் பிறந்ததே அதற்காகத்தான்: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த கெல்லர் சகோதரர்கள், ஒரு வான்கோழிப் பண்ணையின் தூண்களுக்கிடையே எரு அள்ளுவதற்காக 1957இல் மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள், 1960இல் அது நான்கு சக்கரம் பெற்றது.

ஆனால் ஷெட்டுக்குள் அதன் பலமாக இருப்பதே தோப்புக்குள் அதன் குற்றமாகிவிடுகிறது. அதன் சக்கரங்கள் கார் சக்கரம் போல இடமோ வலமோ திரும்புவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கத்தவை மெதுவாகவோ பின்னோக்கியோ சுழல்வதால், வண்டி தரையில் வழுக்கிக்கொண்டுதான் திரும்புகிறது. சிமெண்ட் தரையில் அதன் அடையாளம் பிறை பிறையாகப் படியும் கருப்பு ரப்பர்க் கோடுகள் மட்டுமே. மண்ணில் அது பள்ளமாகிறது. எங்கள் ஷெட் வேலை முடிந்ததும் மைத்துனர், “மாப்பிள்ளை, வந்த வண்டியைச் சும்மா அனுப்பாதீங்க, வட்டப்பாத்தியையும் கட்டச் சொல்லுங்க” என்று ஓட்டுநரைத் தோப்புக்குள் கைகாட்டிவிட்டார். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் எரு வைக்கிற அந்தப் பாத்திக்குள்தான் தென்னையின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் இருக்கின்றன. இரண்டரை டன் வண்டி அதன்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியதும், சொட்டுநீர்க் குழாய் சக்கரத்தில் சிக்கி முறுக்கிக்கொண்டு வந்தது; பெயர்ந்த மண்ணில் செந்நிற வேர்கள் அறுந்து கிடந்தன. ஓட்டுநரே இறங்கி வந்து, “அண்ணா, இது இந்த வண்டிக்கு உண்டான வேலை இல்லீங்க” என்றார். மைத்துனர் இன்றைக்கும் குழாயைத் தவறான இடத்தில் போட்டிருந்தோம் என்றுதான் சொல்கிறார்.

இனி டிராக்டருக்கு வருகிறேன். மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 போன்ற 24 குதிரைத் திறன் நான்கு சக்கர இயக்க வண்டிகள் பின்பக்கத்தில் 750 கிலோ வரை தூக்கும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் மரத்தை உரசாமல் ரொட்டவேட்டர் ஓட்டவும், டிரெய்லரில் காய் ஏற்றவும், மட்டையைத் தூளாக்கவும், மருந்து அடிக்கவும், குழி தோண்டவும் ஒரே பி.டி.ஓ. தண்டும் (என்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல் தண்டு) கருவியை மாட்டும் மூன்று இணைப்புப் புள்ளிகளும் போதும். பாப்கேட்டில் பி.டி.ஓ. கிடையாது, எல்லாக் கருவியும் ஹைட்ராலிக் எண்ணெயின் விசையில்தான் சுழல வேண்டும் என்பதால், அதற்கென்றே செய்த கருவியை அதற்கான விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். டீசலும் மினி டிராக்டரைவிட மணிக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் குடிக்கும். பி.டி.ஓ. தண்டுக்கு உறை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். லுங்கி கட்டிய ஆள் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

மினி டிராக்டரின் முன்பக்கத்தில் லோடர் மாட்டிக்கொண்டால் இரண்டு வேலையும் ஆகிவிடுமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த எருவையும் மட்டையையும் அள்ளலாம். கெட்டிப்பட்ட எருக்குவியலில் முட்டி நுழைய அதன் எடை போதாது. பக்கெட் நிறைந்ததும் முன் அச்சில் பாரம் ஏறிப் பின்சக்கரம் மண்ணில் பிடிப்பை இழக்கும். பின்னால் எடை கட்டித்தான் ஓட்ட வேண்டும். இதை மறைத்து விற்கிற டீலர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நான்கு சக்கர இயக்க மினி டிராக்டர் ஆறு இலட்சத்தை ஒட்டி வரும். புதிய பாப்கேட்டுக்கு அதைப்போல் மூன்று மடங்காவது எடுத்துவைக்க வேண்டும். இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. ஷெட்டுகள் வைத்திருக்கும் நாங்கள் நால்வர் சேர்ந்து பொதுவாக ஒரு பாப்கேட் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனபோது, அது கட்டுமான இயந்திரம், விவசாயக் கடனில் வராது என்று கோப்பைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். கோழி எரு அள்ளுவது எந்தக் கட்டுமானத்தில் சேரும் என்று கேட்டதற்கு, மேலாளர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அதே மேசையில் டிராக்டர் கடனுக்கான படிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

உங்களுக்கு ஒரு ஷெட் என்றதால்தான் வாடகையே போதும் என்கிறேன். வண்டி லாரியில் வந்து இறங்குவதால் குறைந்தபட்ச மணிக்கணக்கு வாடகை கேட்பார்கள். பக்கத்துப் பண்ணையிலும் கோழி ஏற்றும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து அழைத்தால் அது கட்டுப்படியாகும். நான்கைந்து ஷெட் இருந்து, மாதந்தோறும் எரு அள்ளும் நிலை வந்தால், பழைய பாப்கேட் ஒன்றைப் பார்க்கலாம். அப்போது தூக்கும் கைகளை இணைக்கும் இரும்பு பின்களில் (pin) ஆட்டம் இருக்கிறதா, சக்கரங்களை இணைக்கும் சங்கிலிப் பெட்டியில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கம்பெனிப் பட்டியலில் போட்டிருக்கும் இயக்கப் பாரம், அதாவது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை, வண்டி முன்னால் கவிழும் பாரத்தில் பாதிதான். ஈர எருவைப் பக்கெட்டில் குவித்து அளவை மீறினால் பின்சக்கரம் தூக்கும். பக்கெட்டை முழுக்க உயர்த்தி உங்கள் ஷெட்டின் ஓரக்கூரைக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.