பேனா யார் கையில்? பெரோனியக் கோஷ்டிகள்: கேள்வி பதில்

அர்ஜென்டினாவில் அதிபராக இருந்த ஜெனரல் ஹுவான் பெரோன் தொடங்கிய பெரோனிய இயக்கத்தில் யார் யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள்: நம்மூர்க் கட்சிகளோடு ஒப்பிட்டுக் கேட்காதீர்கள். அந்த ஒப்பீடு இரண்டாவது வரியிலேயே காலை வாரிவிடும்.

பெரோனியம் இடதா, வலதா சார்?

இரண்டும்தான். 1989இல் பெரோனியராக ஜெயித்து அதிபரான கார்லோஸ் மெனெம், ஒய்பிஎஃப் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தைத் தனியாருக்கு விட்டார். 2012இல் இன்னொரு பெரோனிய அதிபரான கிறிஸ்டினா கிர்ச்னர் அதில் 51 சதவீதத்தைத் திரும்ப அரசுடைமையாக்கினார். அன்றைய விற்பனையை ஆதரித்த மாகாண ஆளுநர்களில் ஒருவர் யார் தெரியுமா? கிறிஸ்டினாவின் கணவர் நெஸ்டோர் கிர்ச்னர். அதனால் கொள்கையை வைத்துக் கோஷ்டி பிரிக்காதீர்கள். பேனா யார் கையில் என்று பாருங்கள்.

பேனா என்றால்?

அங்கே மக்கள் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் தனி வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவதில்லை. கட்சி கொடுக்கும் பட்டியலுக்குப் போடுகிறார்கள். பட்டியலில் மூன்றாவதாக இருப்பவர் உள்ளே போவார், முப்பதாவதாக இருப்பவர் வீட்டுக்குப் போவார். அந்த வரிசையை எழுதும் அதிகாரத்துக்குத்தான் அவர்கள் பேச்சில் 'பேனா' என்று பெயர். அதிபரின் முடிவெடுக்கும் அதிகாரத்துக்கும் அதே சொல்தான். 2022 ஜூனில் துணை அதிபராக இருந்த கிறிஸ்டினா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிபர் ஆல்பெர்டோ ஃபெர்னாண்டஸிடம் பேனாவைப் பயன்படுத்தச் சொல்லி மேடையிலேயே கேட்டார். ஒரே அரசின் முதலிரண்டு நாற்காலிகள்!

பெரோன் உயிரோடு இருந்தபோதே கோஷ்டி இருந்ததா?

இருந்தது. 1955இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, அடுத்த ஆண்டு அவர் பெயரைச் சொல்வதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அவர் கடைசியில் மாட்ரிட்டில் போய்த் தங்கினார். உள்ளூரில் இயக்கத்தைக் கட்டிக் காத்தவை தொழிற்சங்கங்கள். உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர் அகுஸ்டோ வாண்டோருக்கு ஒரு யோசனை வந்தது: பெரோன் இல்லாமலே பெரோனியத்தை நடத்தினால் என்ன? 1966இல் மென்டோசா மாகாண ஆளுநர் தேர்தலில் வாண்டோர் ஓர் ஆளை நிறுத்தினார், பெரோன் வேறொருவரை நிறுத்தினார். ஜெயித்தது மூன்றாவது ஆளான பழமைவாதி. ஆனால் பெரோனின் ஆள் வாண்டோரின் ஆளை முந்தினார், பெரோனுக்கு அது போதும். தோற்றாலும் பரவாயில்லை, உள்வீட்டில் யார் பெரியவர் என்று தெரிய வேண்டும். 2025 வரை இதே கதைதான். வாண்டோரை 1969 ஜூனில் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.

மெஸ்ஸி பெரோனியரா?

இது கால்பந்துப் பகுதி அல்ல.

அண்ணா, எசேய்சாவில் என்ன நடந்தது? இளைஞர்களுக்குப் பெரோன் துரோகம் செய்தார் என்றுதான் படித்திருக்கிறேன்.

1973 ஜூன் 20. பெரோன் நிரந்தரமாக நாடு திரும்பும் நாள். எசேய்சா விமான நிலையத்துப் பக்கம் லட்சக்கணக்கில் கூட்டம். மேடை வலதுசாரிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இடதுசாரி இளைஞர் அணிகள் மேடையை நெருங்கியபோது துப்பாக்கிச் சூடு தொடங்கியது. குறைந்தது 13 பேர் செத்தார்கள். பெரோனின் விமானம் வேறு தளத்தில் இறங்கியது. மறுநாள் பேசிய பெரோன் இளைஞர்கள் பக்கம் நிற்கவில்லை. நாற்பத்தொன்பது நாள் அதிபராக இருந்த காம்போரா, இளைஞர்களுக்கு நெருக்கமானவர், ஜூலையில் பதவி விலகினார்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ருச்சியை யார் கொன்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுத் 'துரோகம்' என்பது என்ன நியாயம்?

சரியான குறுக்கீடு. ஹோசே ருச்சி, தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1972இல் பெரோன் முதல்முறை வந்திறங்கியபோது மழையில் அவருக்குக் குடை பிடித்தவர். அந்தப் படம் இன்றும் பிரபலம். 1973 செப்டம்பர் 23 அன்று பெரோன் கிட்டத்தட்ட 62 சதவீத ஓட்டில் ஜெயித்தார். இரண்டே நாளில் ருச்சியைச் சுட்டார்கள். மோந்தோனெரோஸ் என்ற இடதுசாரிப் பெரோனிய ஆயுதக் குழுவின் வேலை என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். குடை பிடித்தவனைக் கொன்றுவிட்டுக் கிழவரிடம் பாசத்தை எதிர்பார்த்தால் எப்படி?

அப்படியானால் இளைஞர்களைச் சுட்டவர்கள் யோக்கியர்களா? அந்த இளைஞர்களை, நாடுகடத்தலில் இருந்தபோது தூண்டிவிட்டதே பெரோன்தானே!

அதுவும் உண்மை. மாட்ரிட்டிலிருந்து இடதுக்கும் கடிதம் எழுதினார், வலதுக்கும் எழுதினார். இருவரும் தன் கடிதம்தான் அசல் என்று நம்பினார்கள். 1974 மே 1 அன்று, தலைநகரில் அதிபர் மாளிகை முன்னால் உள்ள மே சதுக்கத்தில் கணக்கு தீர்ந்தது. "என்ன ஜெனரல், மக்கள் ஆட்சி முழுக்கக் கொரில்லாக்களாக இருக்கிறதே" என்று மோந்தோனெரோஸ் கோஷம் போட்டார்கள். பெரோன் மாடத்தில் நின்று அவர்களை மீசை முளைக்காதவர்கள் என்று திட்டினார். பாதிச் சதுக்கம் முதுகைக் காட்டி வெளியேறியது. ஜூலை 1 அன்று அவர் இறந்தார். மனைவி இசபெல் அதிபரானார், அமைச்சர் லோபெஸ் ரேகாவின் கொலைப்படை இடதுசாரிகளை வேட்டையாடியது. 1976 மார்ச்சில் ராணுவம் வந்தது. அது கோஷ்டி பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் இதைத் தனியாகத் தொடருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கொரில்லாக்கள் என்று திட்டினார்களா? அவர்களே கொரில்லாப் படைதானே?

நல்ல குழப்பம், தமிழால் வந்தது. நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம். இது குரங்கு. பெரோனிய எதிர்ப்பாளரைத் திட்ட அங்கே பயன்படும் சொல்.

அப்படியானால் கிர்ச்னர் இடதுசாரி, மெனெம் வலதுசாரி என்று சொல்லலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கிசிலோஃப் கிறிஸ்டினாவின் ஆள்தானே? ஏன் சண்டை?

அவர் கிறிஸ்டினாவின் பொருளாதார அமைச்சர், 2019 முதல் புவெனஸ் அயர்ஸ் மாகாண ஆளுநர். நாட்டின் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மாகாணத்தில். அங்கே பட்டியலை யார் எழுதுவது, ஆளுநரா, கிறிஸ்டினாவின் மகன் மாக்சிமோவின் லா காம்போரா அமைப்பா? (ஆம், அந்த 49 நாள் காம்போராவின் பெயர்தான்.) 2025இல் கிசிலோஃப் மாகாணத் தேர்தலைத் தேசியத் தேர்தலிலிருந்து பிரித்து முன்னால் வைத்தார். கிறிஸ்டினாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜூனில் ஊழல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிறிஸ்டினாவின் ஆறாண்டுத் தண்டனையை உறுதி செய்தது, வீட்டுக்காவலுக்குப் போனார். அங்கிருந்தும் பேனாவை விடவில்லை. ஜூலையில் பட்டியல் கொடுக்கும் கடைசி இரவு பேரம் முடியாமல், கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக் கெடு நீட்டிப்பு வாங்கினார்கள்.

செப்டம்பர் 7 தேர்தலில் அதிபர் மிலெயின் கட்சியைச் சுமார் 13 புள்ளியில் தோற்கடித்ததும் கிசிலோஃப் நாயகன். அக்டோபர் 26 தேசியத் தேர்தலில் அதே மாகாணம் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் கைவிட்டுப் போனதும், பிரித்து வைத்ததே தப்பு என்று கிறிஸ்டினா கடிதம் எழுதினார். என் கணிப்பில் இருவர் சொல்வதிலும் பாதி சரி.

பெரோனியம் இடதா அல்லது

இல்லை.

2027 அதிபர் வேட்பாளர் யார்?

பட்டியல் கொடுக்கும் கடைசி இரவு வரை அவர்களுக்கே தெரியாது. அன்று கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.