“ஆறு மாதச் சம்பளம் தருகிறோம், கையொப்பமிடுங்கள்”

கேள்வி: அன்புள்ள அக்கா, கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் 11 வருடங்களாக வேலை செய்கிறேன். வயது 38. அடிப்படைச் சம்பளம் 90 ஆயிரம் ரூபாய். கிளையை மூடப்போகிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர், பணிக்கொடை உட்பட ஆறு மாதச் சம்பளம் தருவதாகக் கூறி, அச்சடித்த இராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். கிளையில் ஒன்பது பேர்தான் என்பதால் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதாம். நிறுவனம் தந்த ஸ்கூட்டர் கடனில் இன்னும் 2 இலட்சம் இருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்தக் கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். ஓய்வுபெறும் வரை நானும் ஆளணிப் பிரிவில் இருந்தவள். வெள்ளிக்கிழமை பின்னேரத்தை ஏன் தெரிவு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு தொழில் திணைக்களம் பூட்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் “கிடைப்பதை வாங்கு பிள்ளை” என்று சொல்லிச் சொல்லியே திங்கட்கிழமைக்குள் உங்களைக் கரைத்துவிடுவார்கள்.

ஒன்பது பேர் கதை வெறும் பூச்சாண்டி. வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தில் வரும், குறைந்தது 15 பேர் என்ற எல்லை தொழில்தருநருக்கு உரியது, கிளைக்கு அல்ல. கொழும்பில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த இரண்டாவது வழியில் விசாரணை, கணக்குக் காட்டல், காத்திருப்பு எல்லாம் உண்டு. அதனால்தான் முதலாவது வழியைத் தேடி ஒருவர் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டின் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 11 வருடத்துக்கு 4 இலட்சத்து 95 ஆயிரம் ரூபாய். நீங்கள் நாளைக்கே கோபித்துக்கொண்டு விலகினாலும் 30 நாட்களுக்குள் அதைத் தந்தே ஆக வேண்டும். அவர்கள் சொல்லும் ஆறு மாதச் சம்பளம் 5 இலட்சத்து 40 ஆயிரம். ஆக, 11 வருட வேலையை விடுவதற்கு உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது வெறும் 45 ஆயிரம்! இதை வாசித்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

விடயம் ஆணையாளரிடம் போனால் நட்டஈட்டைக் கணிக்க வர்த்தமானியில் வந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்து வரும் வருடங்களுக்கு, 14ஆவது வருடம் வரை, இரண்டு மாதச் சம்பளம். உங்களுக்கு இருபத்திநாலரை மாதம், அதாவது 22 இலட்சத்து 5 ஆயிரம் ரூபாய். 2021இல் உயர்த்தப்பட்ட 25 இலட்சம் என்ற உச்சவரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. பணிக்கொடை இதற்குப் புறம்பானது.

இந்தத் தொகையைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். விசாரணை இழுபடும் என்பதால் கொஞ்சம் இறங்கி வருவதில் தவறில்லை; ஆனால், பதினெட்டு மாதத்துக்குக் கீழே நானாக இருந்தால் இறங்க மாட்டேன். ஸ்கூட்டர் கடனைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள், மறுத்தால் அதே வட்டியில் தொடர்ந்து கட்டும் வசதியைக் கேளுங்கள். எடுக்காத லீவுக்குக் காசு, நல்ல சேவைக் கடிதம் இரண்டையும் உடன்படிக்கையிலேயே எழுதுவியுங்கள். சேமலாப நிதியைப் பட்டியலில் சேர்த்துத் தொகையைப் பெருப்பித்துக் காட்டினால் உடனே வெட்டச் சொல்லுங்கள். அது ஏற்கெனவே உங்கள் பணம்.

பேசுவதை எல்லாம் மின்னஞ்சலில் பேசுங்கள். மற்ற எட்டுப் பேரும் தனித்தனியாகக் கையொப்பமிடுவதற்கு முன் அவர்களையும் கூட்டிக்கொண்டு, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகளோடு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.

கேள்வி: நாலு வருடம் எட்டு மாதம் வேலை செய்துவிட்டேன். அடுத்த மாதம் விலகினால் பணிக்கொடை கிடைக்குமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கிடைக்காது. ஐந்து வருடம் முழுதாக வேண்டும். வேறு வேலை ஓடிவிடாது என்றால் இன்னும் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், தம்பி.