மோர்மன் சமயத்தின் தொடக்கமும் புதையல் வேட்டையும்: கேள்வி பதில்

கேள்வி: மோர்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் புதையல் தேடித் திரிந்தவர் என்பது எதிரிகள் கட்டிய கதைதானே?

பதில்: இல்லை, அவரே ஒப்புக்கொண்ட செய்தி அது. 1838-இல் தம் சபையின் இதழில் இதே கேள்விக்கு விடையளித்தபோது, ஆம் என்றும், மாதம் 14 டாலர் மட்டுமே கிடைத்ததால் அது ஆதாயமான தொழிலாக இருக்கவில்லை என்றும் சற்றே குறும்பாக எழுதினார். 1825-இல் ஜோசையா ஸ்டோவல் என்ற விவசாயி, ஸ்பானியர் விட்டுச்சென்றதாகப் பேசப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தைப் பென்சில்வேனியாவின் ஹார்மனி பகுதியில் தேட அவரை அமர்த்தினார். வெள்ளி அகப்படவில்லை; ஆனால் அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் எம்மா ஹேல் 1827-இல் அவருக்கு மனைவியானார்.

கேள்வி: புதையல் தேடுவோர் மாயக் கல் ஒன்றை வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, எவ்வாறு பார்த்தார்கள்? சடங்குகள் உண்டா?

பதில்: கல்லைத் தொப்பிக்குள் இட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தை அதில் புதைத்துக்கொண்டால் மறைந்தவை தெரியும் என்று நம்பினர். புதையலை ஆவி காவல் காக்கிறது, ஆகவே இடத்தைச் சுற்றி வட்டம் வரைய வேண்டும், தோண்டுகையில் எவரும் வாய் திறக்கலாகாது, திறந்தால் பெட்டி மண்ணுக்குள் நழுவி வேறிடம் போய்விடும் என்பதெல்லாம் அக்கால நியூயார்க், நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் பரவியிருந்த எண்ணங்கள். தோல்விக்கான விளக்கம் நம்பிக்கைக்குள்ளேயே அடங்கியிருந்ததால்தான் அது எளிதில் சாகவில்லை. பைபிளை ஊன்றி வாசித்த குடும்பங்களே இதையும் செய்தன. இரண்டுக்கும் இடையே அவர்கள் முரண்பாடு எதையும் காணவில்லை.

கேள்வி: 1826-இல் அவர் மீது வழக்கு நடந்ததா?

பதில்: நடந்தது. தொலைந்த பொருளைக் கண்டறிவதாகச் சொல்லிக்கொள்வோரை நியூயார்க் மாநிலச் சட்டம் ஒழுங்கற்றோர் பட்டியலில் வைத்திருந்தது. சவுத் பெயின்பிரிட்ஜில் விசாரித்த நீதிபதி ஆல்பர்ட் நீலியின் கட்டணச் சீட்டு 1971-இல் கிடைத்தது. தீர்ப்பைப் பற்றிய பழைய குறிப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஏமாற்றப்பட்டவராகக் கருதப்பட்ட ஸ்டோவலோ ஸ்மித்துக்கு ஆதரவாகவே சாட்சி சொன்னார்.

கேள்வி: வெள்ளைச் சாலமாண்டர் பற்றிய கடிதம் உண்மையா?

பதில்: போலி. குழியில் இருந்த ஆவி வெள்ளைச் சாலமாண்டர் (பல்லி போன்ற உயிரி) வடிவில் ஸ்மித்துக்குத் தோன்றியதாகச் சொல்லும் அக்கடிதத்தை 1980-களில் தயாரித்த மார்க் ஹாஃப்மன், 1985-இல் குண்டு வைத்து இருவரைக் கொன்றவர்.

கேள்வி: இச்சமயத்தின் வேதமான மோர்மன் நூலுக்கும் அந்தக் கல்லுக்கும் தொடர்புண்டா?

பதில்: உண்டு. 1827-இல் வானதூதரிடமிருந்து பெற்றதாகச் சொன்ன பொன் தகடுகளை மொழிபெயர்க்கையில், அவர் தொப்பிக்குள் இட்ட கல்லைப் பார்த்தே சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர் என்று எம்மாவும் மற்றவர்களும் சொல்லியிருக்கின்றனர். நூல் 1830-இல் வெளிவந்தது. பழுப்பு நிற முட்டை வடிவக் கல்லின் புகைப்படத்தைச் சபை 2015-இல்தான் வெளியிட்டது. இந்தத் தயக்கம் பழையது. எழுத்தராக இருந்த ஆலிவர் கவ்டரிக்குக் கோல் கொண்டு மறைபொருள் அறியும் வரம் உண்டு என்று 1833-இல் அச்சான இறை வெளிப்பாடு, 1835-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கோலை விட்டுவிட்டு, பைபிளில் வரும் ஆரோனின் வரம் என்று திருத்தப்பட்டுவிட்டது.