ஒரு பக்கத் தாடை மட்டும் தடித்திருந்தால்… சிங்கப்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எனக்கு 29 வயது. ஐந்து மாதத்தில் கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்களில் வலது தாடை பெரிதாகத் தெரிகிறது. வீட்டுக்கு அருகே உள்ள அழகு நிலையத்தில் பத்து முறை மெஷின் வைத்தால் சமமாகிவிடும் என்கிறார்கள். மருந்தகம் ஒன்றில் போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போடச் சொல்கிறார்கள். எதைச் செய்வது? – வாசகி, உட்லண்ட்ஸ்

ப: முதலில் படத்தைச் சந்தேகியுங்கள். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில், கேமராவுக்கு அருகில் இருக்கும் பக்கம் ஊதித் தெரியும். பின்பக்கக் கேமராவைக் கண் உயரத்தில் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, வெளிச்சம் நேரே முகத்தில் விழும்படி வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்திலும் வித்தியாசம் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் இரு கைவிரல்களையும் வைத்துக்கொண்டு பற்களை இறுகக் கடியுங்கள். வலப்பக்கம் கட்டியாகத் திரண்டு வந்தால் அது மெல்லும் தசை. கடித்தாலும் இறுகாமல் மெத்தென்று இருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அது வற்றாவிட்டால் அழகுச் சிகிச்சையை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூன்றாவதாக, ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் குறுக்காகக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். குச்சி கண்களின் கோட்டுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால், கோணல் எலும்பிலோ பல்வரிசையிலோ இருக்கிறது. ஊசியால் அதைத் திருத்த முடியாது.

தசைதான் என்றால் போட்டாக்ஸ் பொருத்தமானதே. ஆனால் அந்தத் தசை ஏன் தடித்தது? இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தால் எல்லாவற்றையும் வலப்பக்கமே மெல்வோம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும் காரணமாகலாம். பல் மருத்துவரிடம் இதைச் சரிசெய்யாமல் ஊசி மட்டும் போட்டால் மருந்து தீர்ந்ததும் தசை பழையபடி திரளும்.

வழக்கமான அளவு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 30 யூனிட். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பக்கத்தில் 30, சிறிய பக்கத்தில் 20 என்றோ, பெரிய பக்கத்தில் மட்டுமோ போடுவார்கள். இது போட்டாக்ஸ் என்ற பிராண்டின் யூனிட் கணக்கு. டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டின் யூனிட் வேறு, எண்ணிக்கை இரண்டரை, மூன்று மடங்கு வரும். ஆகவே விலையைக் கேட்கும்போது எந்த பிராண்ட், எத்தனை யூனிட் என்று சேர்த்துக் கேளுங்கள். காது மடலின் அடியிலிருந்து வாய் ஓரம் வரை ஒரு கோடு போட்டால், ஊசி அதற்குக் கீழே, தசையின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் பின்னால் இறங்க வேண்டும். முன்னால் தள்ளிப் போட்டால் சிரிப்புத் தசையில் மருந்து பரவி வாய் கோணும், அது தெளிய வாரக்கணக்காகும். மருந்து தசை முழுதும் சீராகப் பரவாவிட்டால், மெல்லும்போது கன்னத்தில் உருண்டையாக ஒரு பகுதி புடைக்கும். கூடுதலாகச் சிறிது மருந்து போட்டுச் சரிசெய்யக்கூடியதுதான்.

முகத்தின் வடிவம் மாற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். முதல் சில வாரங்கள் ஆட்டுக்கறி மெல்லச் சிரமமாக இருக்கும். உங்கள் கணக்குக்கு, கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு போட்டுக்கொள்வது நல்லது. பிசகு ஏதும் வந்தாலும் தெளிய அவகாசம் கிடைக்கும். கர்ப்பம், தாய்ப்பால், தசைச்சோர்வு நோய் இருந்தால் வேண்டாம். சிறிய பக்கத்தில் ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் கூழ் ஊசி) வைத்துச் சமன் செய்யலாமே என்பார்கள். பெரியது சுருங்கி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், பலருக்குத் தேவையே படாது.

மெஷினா? முகத்தில் கோத்த நீரைச் சில மணி நேரம் வடிக்கும். தசைக்கும் எலும்புக்கும் ஒன்றும் செய்யாது. பத்து முறைக்கான பணத்தைப் பல் மருத்துவருக்குக் கொடுங்கள்.

கே: மகனுக்கு 17 வயது. ஓராண்டாக முகவாய் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. ஃபில்லர் வைத்தால் போதும் என்றார் ஒருவர். – ஒரு தாய், தெம்பனிஸ்

ப: போதாது. நகர்ந்துகொண்டே போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்க வேண்டியது அதைத்தான். முகவாய் இடப்பக்கம் போனால், பெரும்பாலும் வலது தாடை மூட்டின் எலும்பு அளவுக்கு மீறி வளர்கிறது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இது வருவதுண்டு. வளரும் எலும்பின் மேல் ஃபில்லர் வைத்தால் சில மாதங்களில் கோணல் அதைத் தாண்டிப் போய்விடும்.

பலதுறை மருந்தகத்திலோ பள்ளிப் பல் மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் வாங்கித் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள். படம், பல் அச்சு, எக்ஸ்ரே எடுத்து ஆறு மாதம் கழித்து ஒப்பிடுவார்கள். தேவைப்பட்டால் எலும்பு ஸ்கேனில் வளர்ச்சி இன்னும் நடக்கிறதா என்று தெரியும். வழக்கமாக வளர்ச்சி நின்ற பின்தான் தாடை அறுவைசிகிச்சை. அதற்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பல்லுக்குக் கம்பி, பின்பு மேலும் ஆறு மாதம். வெட்டு வாய்க்குள்ளேயே இருக்கும், எலும்பை நகர்த்தி டைட்டானியத் தகடும் திருகும் வைப்பார்கள். ஆறு வாரம் கஞ்சியும் மசித்த சோறும்தான். கீழுதடு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. இதை அறுவைசிகிச்சைக்கு முன்பே மருத்துவரை அவன் காது கேட்கச் சொல்லச் செய்யுங்கள்.

கடிப்பதிலும் மெல்வதிலும் கோளாறு என்று மருத்துவர் உறுதிசெய்யும் அறுவைசிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உதவும், அழகுக்காக மட்டும் என்றால் கிடையாது. கம்பிக்கான செலவு கைக்காசு. தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) நெருங்குவதால் ஸ்கேன் அறிக்கைகளை எடுத்துவைத்து மருத்துவப் பரிசோதனையின்போது காட்டுங்கள்.

கே: ஜேட் ரோலர், முகப் பயிற்சி, சூயிங்கம்? – வாசகர், பிடோக்

ப: முதல் இரண்டும் கோணலைத் திருத்தாது. மூன்றாவது தாடைத் தசையை இன்னும் தடிக்க வைக்கும்.

கே: ஓராண்டுக்கு முன் முகவாதம் வந்தது. இப்போது சிரித்தால் இடக்கண் சுருங்கி மூடுகிறது. – வாசகர், ஜூரோங்

ப: நரம்பு மீண்டும் வளரும்போது தசைகளுக்கு மாறிப் போய்ச் சேர்ந்ததன் விளைவு இது. கண்ணைச் சுற்றி ஒரு புள்ளிக்கு ஒன்று முதல் இரண்டரை யூனிட் போட்டாக்ஸ் பெரிதும் தளர்த்தும். அளவு மீறினால் கண் சரியாக மூடாமல் வறளும். முகப் பிசியோதெரபியும் சேர வேண்டும்: கண்ணாடி முன் கண்ணைத் திறந்தபடி மிக மெதுவாக, சிறிதாகச் சிரித்துப் பழகுவது. முழு பலத்தோடு முகத்தை இழுத்துப் பயிற்சி செய்தால் கோளாறு கூடும், மின் தூண்டலும் வேண்டாம்.

எல்லாருக்கும் ஒன்று: முகம் திடீரென்று ஒரு பக்கம் தொங்கினால் அது முகவாதமா பக்கவாதமா என்று வீட்டில் ஆராயாமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். முகவாதமே ஆனாலும் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

கே: தோழி சொன்னார் என்று வீட்டுக்கு வந்து ஊசி போடும் ஒருவரிடம் கன்னத்தில் ஃபில்லர் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் மேடாகிவிட்டது. கரைக்கலாமா? – வாசகி, ஈசூன்

ப: போட்ட ஃபில்லர் ஹைலூரானிக் அமிலம் என்றால் ஹைலூரானிடேஸ் ஊசியில் ஓரிரு நாளில் கரையும். சிலிக்கோன் போன்றது என்றால் கரையாது. பெட்டியோ ஸ்டிக்கரோ இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அல்ட்ராசவுண்டில் ஓரளவு தெரியும். தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிங்கப்பூரில் இந்த ஊசிகளை அழகு நிலையங்களும் வீடு தேடி வருபவர்களும் போட அனுமதி இல்லை. மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோல் வெளுத்தால், வலைபோல ஊதா நிறம் படர்ந்தால், வலி கூடிக்கொண்டே போனால், பார்வை மங்கினால் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒத்தடம் கொடுங்கள் என்று ஊசி போட்டவர் அனுப்பும் வாட்ஸ்அப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.