பதில்: அப்பாவுக்கு எடை குறைக்கும் ஊசி போட்டா பக்கவாதம் திரும்ப வராதா?

சுகர் இல்லை, எடை அதிகம், ஒரு தடவை பக்கவாதம் வந்திருக்கு. செமாகுளுடைட்ங்கிற எடை குறைக்கும் ஊசி போட்டா மறுபடி வராதான்னு கேட்டிருக்கீங்க. அப்படி நம்பிப் போடாதீங்க.

இந்த ஊசியைச் சோதிச்சு 2023-ல் வெளியான செலக்ட்ங்கிற ஆய்வில் 17,604 பேர், எல்லாரும் சுகர் இல்லாம, எடை அதிகமா, ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ரத்தக்குழாய் நோய் இருந்தவங்க. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூணையும் சேர்த்துப் பார்த்தா, மருந்தில்லாத போலி ஊசி போட்டவங்கள்ல 100-க்கு 8 பேர், நிஜ ஊசி போட்டவங்கள்ல 6.5. நல்ல பலன்தான். ஆனா பக்கவாதத்தை மட்டும் பிரிச்சா போலி ஊசியில 100-க்கு 1.9, நிஜ ஊசியில 1.7. தற்செயலாவே வரக்கூடிய வித்தியாசம். விற்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

குமட்டல், வாந்தியால பாதியில நிறுத்தினவங்களும் நிறைய. இதயத்துக்காக வேணும்னா டாக்டர்கிட்ட பேசுங்க. அதுக்கு முன்னாடி, பிரஷர் மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் அப்பா தினமும் போடுறாரான்னு அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்க.