குச்சி ரோபோ நின்ற இடத்திலேயே துள்ளுகிறதா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் தாத்தா ஒருவர் கேட்டிருக்கிறார்: “பேரன் தொடக்கநிலை 5 படிக்கிறான். விடுமுறையில் ஐஸ்கிரீம் குச்சி, அட்டைப்பெட்டி, பழைய பொம்மைக் காரில் கழற்றிய மோட்டார் இவற்றை வைத்து நாலு கால் ரோபோ செய்தான். சுவிட்சைப் போட்டால் ‘உய்ங்’ என்று இரைகிறது, இரண்டு துள்ளு துள்ளுகிறது, சாய்ந்து விழுகிறது. 9 வோல்ட் பேட்டரி போட்டால் நடக்குமா? மகன் கடையில் செட் வாங்கிவிடலாம் என்கிறான். பேரனுக்கு அதில் விருப்பமில்லை.”

ஐயா, பேரன் பக்கம்தான் நானும். செட் வாங்க வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியும் வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் குட்டிக் குட்டியாக ஆறு செல்கள் இருக்கின்றன; சுமை ஏறிய மோட்டார் கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க அவை திணறிப்போகும். அதோடு, உங்கள் ரோபோவுக்கு வேகம் குறையவில்லை. வேகம் மிஞ்சிப்போனதுதான் கோளாறு.

பொம்மைக் கார் மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். அதன் அச்சில் காலை நேரடியாக ஒட்டினால், கால் தரையை மிதிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். விரலால் லேசாகப் பிடித்தாலே நின்றுவிடும், அவ்வளவுதான் அதன் பலம். நடப்பதற்கு மெதுவான, முரட்டுப் பலமுள்ள சுழற்சி வேண்டும். அதற்குப் பல்சக்கரம் வைத்த மோட்டார்தான் வழி. மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டு வரும் கியர் மோட்டாரைக் கேளுங்கள். பெரும்பாலும் 1:48 என்று குறித்திருக்கும்: உள்ளே மோட்டார் 48 சுற்று சுற்றினால் வெளி அச்சு ஒரு சுற்று சுற்றும். இரண்டு பக்கமும் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் உதிரி பாகம் விற்கும் கடைகளில் தேடலாம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் அலைகிறார்கள். அது கணினிக் கடைகளுக்குப் பேர்போனது. 2 ‘ஏஏ’ பேட்டரியும் சுவிட்ச் வைத்த பேட்டரிக் கூடும் போதும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

பேரன் நாலு காலையும் ஒரே நேரத்தில் ஓட்டப் பார்த்திருக்கிறான். முதல் முயற்சிக்கு அது கடினம். முன்கால் இரண்டும் நடக்கட்டும், பின்கால் இரண்டும் சும்மா சறுக்கி வரட்டும். ஒரு முன்கால் தூக்கியிருக்கும்போது மற்ற முன்காலும் இரண்டு பின்கால்களும் சேர்ந்து ஒரு முக்கோணமாகத் தரையில் நிற்கும். ரோபோவின் பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழுந்தால் சாயாது. பின்கால்களை நன்றாக அகட்டி வைத்து, பேட்டரிக் கூட்டை உடலின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டுங்கள். ரொம்பவும் பின்னே தள்ளினால் முன்கால்கள் தரையைப் பிடிக்காமல் வழுக்கும். அளவு பிடிபட, ஒரு வெள்ளி நாணயம் நாலைந்தை டேப்பால் ஒட்டி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அரைமணி நேர வேலை. பிள்ளை இதில் கற்றுக்கொள்வது புத்தகத்தில் கிடைக்காது.

இனி முன்கால். மோட்டாரை அட்டை உடலின் அடியில் முன்பக்கமாகப் பொருத்தி, இரு பக்க அச்சிலும் தண்ணீர் போத்தல் மூடி ஒவ்வொன்றைச் சூட்டுப் பசையால் இறுக ஒட்டுங்கள். மூடியின் நடுவிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு துளையிட்டு, சத்தே குச்சித் துண்டைச் செருகி ஒட்டவேண்டும். ஒரு பக்கம் துண்டு மேலே இருந்தால் மறுபக்கம் கீழே இருக்கட்டும். ஐஸ்கிரீம் குச்சியில் அடிமுனையிலிருந்து 5½ செ.மீ. உயரத்தில் துளையிட்டு அந்தத் துண்டில் மாட்டுங்கள். மூடியின் மையத்துக்கு நேர் மேலே 4 செ.மீ. உயரத்தில், குச்சி வழுக்கி ஏறி இறங்கும்படி பேப்பர் கிளிப்பை வளைத்து ஒரு வளையம் கட்டுங்கள். மூடி சுற்றும்போது குச்சியின் அடி தரையைத் தொட்டுப் பின்னே தள்ளும், தூக்கும், முன்னே போகும். முட்டை வடிவில் ஒரு பாதை. மூடியின் துண்டு முன்னும் பின்னுமாக 2 செ.மீ. நகர்ந்தால், அடிமுனை ஏறக்குறைய 4½ செ.மீ. நகரும். பின்கால்களின் உயரம் சுமார் 6 செ.மீ. இருக்கட்டும். ரோபோ பின்னோக்கிப் போனால் பேட்டரியின் இரு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தால் சரி.

குச்சியில் துளை போடும்போதுதான் பிள்ளைகள் அழுவார்கள். நார் வாக்கில் ‘டக்’கென்று பிளந்துவிடும். இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, துளை விழும் இடத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு, அவசரப்படாமல் கையாலேயே துளைக்கருவியைத் திருகுங்கள். பிறகு கனமான புத்தகத்தின் அடியில் வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அப்படியே விட்டால் வளைந்துவிடும். அட்டைக்கும் இதே தொல்லை உண்டு. உள்ளே அலை அலையாக ஓடும் வரிகள் உடலின் நீளவாக்கில் வரும்படி வெட்டி, இரண்டு தாளாக ஒட்டினால் தொய்யாது.

மூட்டு சரியாக இருக்கிறதா என்று அறிய நான் செய்வது ஒன்றுதான். வளையத்தில் நுழைக்கும் முன் குச்சியை அந்தத் துண்டில் மாட்டி, ரோபோவைத் தூக்கிப் பிடித்து, குச்சியை ஒரு சுண்டு சுண்டிவிடுங்கள். தடையில்லாமல் இலேசாகச் சுழன்று நிற்க வேண்டும். சுண்டிய இடத்திலேயே நின்றுவிட்டால் துளை இறுக்கம். மெழுகுவத்தியைத் துளைக்குள் தேய்த்துவிடுங்கள். கழன்று வராமலிருக்க வெளியே ஒரு ரப்பர் துண்டைச் செருகினால் போதும், அழுத்தித் தள்ளாதீர்கள்.

முன்கால் அடியில் ரப்பர் வளையம் சுற்றுங்கள். பின்கால் அடியில் பால் பெட்டியின் வழவழப்பான தாளை ஒட்டுங்கள். முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல்: இது மாறிவிட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் டைல் தரையில் ரோபோ ஒரு அடிகூட நகராது. எப்போதும் இடப்பக்கமே திரும்பினால் இடக்கால் வழுக்குகிறது என்று பொருள். அதற்கு இன்னொரு ரப்பர் வளையம் போடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய கைப்பேசி, பவர் பேங்க் இவற்றில் கழற்றிய லித்தியம் பேட்டரியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கம்பிகள் உரசிக்கொண்டால் தீப்பற்றும். சூட்டுப் பசை ஒட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

2018இல் மரினா பேயின் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் டச்சுக் கலைஞர் தியோ யான்சனின் ஸ்ட்ராண்ட்பீஸ்ட்களைப் பார்க்க வந்த கூட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடற்கரையில் வெறும் காற்றின் வேகத்தில் நடக்கும் அந்தப் பெரிய உருவங்களை, மின்கம்பி நுழைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களால்தான் அவர் கட்டுகிறார். நடையெல்லாம் குழாய்களின் நீளக் கணக்கிலும் மூட்டுகளிலும் இருக்கிறது. உங்கள் பேரனின் ரோபோ நடந்த பிறகு அந்த உருவங்களின் காணொளிகளை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து ஆறு கால் கேட்பான். கரப்பான்பூச்சி மூன்று காலை ஊன்றி மூன்றைத் தூக்கி நடக்கிறதே, அதே முறைதான். அப்போது எழுதுங்கள், வரைபடத்தோடு பதில் தருகிறேன்.